அண்டா எடுக்காத குடும்பங்கள்

கண்ணையன் தன் பத்திரிகை அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்குவதற்குள், பாகூரில் அண்டா திருடாத மூன்று குடும்பங்கள் வாசலில் வந்து நின்றிருந்தன.

முன்னால் நின்றவர் இருசப்பன். கிழக்குத் தெரு, கரும்பு விவசாயம், சலவை வேட்டி. அவர் கையில் ‘நியாயமணி’ வார இதழ் தடி மாதிரி சுருண்டிருந்தது.

“இன்னா மாமா இது?”

“எது?”

“கோர்ட்டுப் பக்கம். படிச்சிக் காட்டட்டுமா?”

அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியவரே தான்தான் என்பதால், படித்துக் காட்டத் தேவையில்லை என்றார் கண்ணையன். இருசப்பன் படித்தார். பின்னால் நின்ற இரண்டு குடும்பங்களுக்கும், பக்கத்து இட்லிக் கடைக்கும் கேட்கும்படி படித்தார்.

‘பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த கௌரவமான குடும்பம் ஒன்று, உறவினர் வீட்டுத் திருமணத்தில் சீராக வைத்த பித்தளை அண்டாவை, பந்தி முடிந்த சந்தடியில் தானே திரும்ப எடுத்துச் சென்றுவிட்டதாகத் தொடரப்பட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. வைத்த சீரைத் திரும்ப எடுப்பது திருட்டாகுமா என்பது குறித்து இரு தரப்பிலும் காரசாரமான வாதம் நடந்தது. வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.’

“சரி. இதுல உன் பேரு எங்க இருக்குது?”

“பேரு இல்ல. அதத்தான் கேக்கறேன். கௌரவமான குடும்பம்னு போட்டிருக்கீங்க. பாகூர்ல எங்கள வுட்டா கௌரவம் வேற யாருக்குக் கீது?”

பின்னால் நின்ற இரண்டு குடும்பங்களும் தொண்டையைச் செருமின. அவர்களும் இதே கேள்வியைத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

கண்ணையன் நிமிர்ந்து நின்றார். அவர் எப்போதுமே நிமிர்ந்துதான் நிற்பார். குனிந்தால் குடும்பப் பெருமை கீழே கொட்டிவிடும் என்பது போல ஒரு நிமிர்வு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவருடைய தாத்தா மேர் என்ற நகரத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர். தோற்றதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நின்றதைப் பற்றி மட்டும் இன்றுவரை பேச்சு ஓயவில்லை. அப்பா தொடங்கிய பத்திரிகை ‘நியாயமணி’. அதில் ஒரு மறுப்புச் செய்திகூட வந்ததில்லை என்பது கண்ணையனின் பெருமை. தவறு வந்ததில்லை என்று அவர் சொன்னதில்லை. மறுப்பு வந்ததில்லை என்றுதான் சொல்வார்.

இந்தப் பெருமைக்கெல்லாம் இப்போது ஓர் உடனடித் தேவையும் இருந்தது. மகள் செல்வகுமாரியைக் கிருமாம்பாக்கம் வீரப்பன் வீட்டில் கேட்டிருந்தார்கள். நிலபுலம் உள்ள குடும்பம், நல்ல பையன். வரும் மாதம் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. வீரப்பன் பெண்ணைப் பார்த்ததைவிடக் குடும்பத்தைப் பற்றி விசாரித்ததுதான் அதிகம்.

“அங்க பாரு” என்று கண்ணையன் சுவரைக் காட்டினார்.

சுவரில் புதிதாக ஒரு பலகை. சில மாதங்களுக்கு முன் புதுச்சேரியில் ஓர் ஓட்டல் மாடியில் நீதிமன்றச் செய்தியாளர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு நடந்தது. கண்ணையன் போயிருந்தார். மற்றவர்கள் பிரியாணியோடும் ரெக்சின் பையோடும் திரும்பினார்கள். கண்ணையன் கொள்கைகளோடு திரும்பினார். அவற்றைப் பெயின்டரை வைத்து எழுதி மாட்டினார். தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது. அந்தப் பெயரைச் செய்தியாளர் எவரிடமும் சொல்லக் கூடாது, ஆசிரியரிடம்கூட. பாதிக்கப்பட்டவர் கேட்டால் விளக்கம் வெளியிட வேண்டும். ஆசிரியர் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது கொள்கையைப் பயிலரங்கில் யாரும் சொல்லவில்லை. அது கண்ணையனே சேர்த்தது. ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டால் அதைத் தந்தவனைவிட ஒரு படி அதிகமாகக் கடைப்பிடிப்பதுதான் அவர் குடும்ப வழக்கம்.

இருசப்பன் பலகையைப் படித்தார்.

“மூணாவது கீதே, அது போதும். விளக்கம் போடுங்க.”

“மறுப்பா? நியாயமணியிலயா?”

“மறுப்பு இல்ல மாமா. விளக்கம். நீங்களே எழுதி மாட்டியிருக்கீங்க.”

கண்ணையன் தன் பலகையாலேயே மடக்கப்பட்டார். செய்தியாளர் அன்புராஜைக் கூப்பிட்டார். அன்புராஜுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாரத்தில் சில நாள் கோர்ட்டுக்குப் போய்வருவார், மீதி நாள் இன்ஷூரன்ஸ் பிடிப்பார். இரண்டு வேலையிலும் அவருக்கு ஒரே முகம்.

“அன்புராஜ், பேரு சொல்ல வேணாம். அது தர்மம் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் குடும்பம் இருசப்பன் குடும்பமா?”

“இல்லீங்க ஐயா.”

“நல்லா யோசிச்சிச் சொல்லு.”

“யோசிக்கவே வேணாங்க. சத்தியமா இல்ல.”

மற்ற இரண்டு குடும்பங்களும் இல்லை என்றார் அதே வேகத்தில். அவருடைய ஞாபக சக்தியைக் கண்ணையன் மனத்துக்குள் மெச்சினார்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் விளக்கம் வந்தது. ‘சென்ற வாரம் குறிப்பிட்ட கௌரவமான குடும்பம் கிழக்குத் தெரு இருசப்பன் குடும்பம் அன்று’ என்று தொடங்கி மூன்று குடும்பங்களும் பெயர் விலாசத்தோடு குற்றமற்றவை ஆயின.

விளைவு, முதல் வாரம் அந்தச் செய்தியைக் கவனிக்காதவர்களெல்லாம் இந்த வாரம் பழைய இதழைத் தேடிப் படித்தார்கள். மூன்று குடும்பம் இல்லை என்றால் மீதிக் குடும்பங்களில் ஒன்று என்று ஆகிவிட்டது. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததில் ஊருக்கே சந்தோஷம்.

ஷட்டர் வாசலில் கூட்டம் கூடியது. பக்கத்து இட்லிக் கடை வேலம்மாளுக்கு வியாபாரம் நன்றாக இருந்தது. விளக்கம் கேட்டு வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு இட்லி தின்றார்கள்.

“எல்லாரும் வரிசையா நில்லுங்கபா” என்றாள் வேலம்மாள். “அண்டா எடுக்காதவங்க எல்லாம் இந்தப் பக்கம். எடுத்தவங்க நேரா உள்ள போலாம்.”

யாரும் நேராக உள்ளே போகவில்லை.

அந்த வரிசையில் குமரவேல் இல்லை. அவர் பாகூரில் உரக்கடை வைத்திருப்பவர். தன் குடும்பத்துக்கு விளக்கம் கேட்டு வருவது தனக்கு இழுக்கு என்று எண்ணி, பத்திரிகை தானாகவே போடும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது விளக்கப் பட்டியலிலும் அவர் பெயர் வரவில்லை. கிளம்பி வந்துவிட்டார்.

“எங்க பேரு ஏன் போடல?”

“நீங்க வந்து கேக்கலியே” என்றார் கண்ணையன்.

“கேட்டாத்தான் போடுவீங்களா? அப்ப ஊர்ல எல்லாரும் இன்னா பேசறாங்க தெரியுமா? எடுத்தது நாங்கதான்னு ஒருத்தன் பேசினாலும் பரவால்ல. எங்கள யாரும் சந்தேகமே படல. ‘கௌரவமான குடும்பம்னுதான போட்டிருக்குது, நீ ஏன் பயப்படற’ன்னு டீக்கடையில கேக்கறான்.”

“நல்லதுதான?”

“இன்னா நல்லது? உரக்கடை வச்சவன் கௌரவமா இருக்கக் கூடாதா? எங்க மேல சந்தேகப்பட்டுட்டு, அப்புறம் இல்லன்னு போடுங்க.”

கண்ணையன் அன்புராஜைப் பார்த்தார். அன்புராஜ் தலையை ஆட்டினார். குமரவேல் குடும்பமும் சந்தேகிக்கப்பட்டு, அதே மூச்சில் விடுவிக்கப்பட்டது.

அன்றிரவு சாப்பாட்டின்போது மனைவி விஜயகுமாரி கேட்டாள்.

“கேசு போட்டவங்க எந்த ஊராம்?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது. எனக்கே தெரியாது.”

“உங்க பத்திரிகையில வந்தது உங்களுக்கே தெரியாதா?”

“அதுக்குப் பேருதான் ஒழுக்கம்.”

விஜயகுமாரி கூடக் கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

இப்படியே போனால் பத்திரிகையில் வேறு செய்திக்கு இடமிருக்காது என்று கண்ணையனுக்குப் பட்டது. கோளாறு எங்கே என்று யோசித்தார். ‘கௌரவமான’ என்ற ஒரு சொல்தான் கோளாறு. பயிலரங்கில்கூட அடைமொழியைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டார். ‘அண்டா வழக்குச் செய்தியில் கௌரவமான குடும்பம் என்று வந்ததைச் சாதாரணக் குடும்பம் என்று திருத்தி வாசிக்கவும்.’

காலையிலேயே இருசப்பன் வந்துவிட்டார். இந்தத் தடவை அவரோடு முன்பு விடுவிக்கப்பட்ட எல்லாரும் வந்திருந்தார்கள்.

“இன்னா மாமா, எங்க கௌரவத்த எடுத்துட்டீங்க?”

“உன் கௌரவத்த இல்ல. அந்தக் குடும்பத்தோடத.”

“அந்தக் கௌரவமான குடும்பம் நாங்க இல்லன்னு போட்டீங்க. அதுல நாங்களும் கௌரவமானவங்கன்னு ஒரு அர்த்தம் இருந்திச்சி. இப்ப அந்தச் சாதாரணக் குடும்பம் நாங்க இல்லன்னு ஆவுது. சாதாரணக் குடும்பத்தோட எங்கள எதுக்கு ஒட்டிப் பேசறீங்க?”

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது இன்னாசிமுத்து வந்தார். ஒரு காலத்தில் இதே இருசப்பன் குடும்பத்தின் கரும்புக் கொல்லையில் வெட்டுக்குப் போன குடும்பம். இப்போது மகன் கத்தாரில் வேலை பார்க்கிறான், மருமகள் லில்லி நர்ஸ், வீடு மாடி எழும்பியிருக்கிறது. இன்னாசிமுத்து சத்தம் போடுகிறவர் அல்லர். அமைதியாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணையன் அலுவலக நாற்காலியில் அவர் கேட்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று இருசப்பன் கவனித்தார். கண்ணையனும் கவனித்தார். இன்னாசிமுத்து கவனிக்கவில்லை.

“ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளு, இன்னாசி.”

“ரெண்டு மூணு வாரமா அது கௌரவமான குடும்பம். அப்ப எங்க தெருவுல ஒருத்தனும் பயப்படல. எங்கள யாரும் கேக்கவும் இல்ல. இப்ப திடீர்னு அது சாதாரணக் குடும்பம் ஆயிட்ச்சி. கோர்ட்டுல எதுவும் மாறல. உங்க ஆபீசுல மாறியிருக்குது. பெரிய குடும்பத்து ஆளுங்க நாலு பேரு வந்து நின்னதும் திருட்டு எங்க தெருவுக்கு வந்துட்ச்சி. இது எப்பிடிங்க?”

கண்ணையன் அப்படி எதுவும் நினைக்கவில்லை என்பது உண்மைதான். நினைக்காமலே இதைச் செய்துவிடக் கூடிய குடும்பம்தான் அது என்பதும் உண்மை.

“உங்க குடும்பம் இல்லன்னு போட்டுடறேன்.”

“எங்க குடும்பம் மட்டும் போதாது. தெருவுல எல்லாரும்.”

அன்புராஜ் கூப்பிடப்பட்டார். தெரு முழுக்க இல்லை என்றார், ஒரு வீடு விடாமல்.

“எப்பிடிபா இவ்ளோ சரியா ஞாபகம் வச்சிருக்க?” என்று இருசப்பனே கேட்டுவிட்டார்.

“தொழிலுங்க” என்றார் அன்புராஜ், காதைச் சொறிந்துகொண்டு.

அடுத்த வாரம் நீதிமன்றப் பக்கத்தில் நீதிமன்றமே இல்லை. தெருத் தெருவாகக் குற்றமற்றவர்கள்தான் இருந்தார்கள். விற்பனை ஏறியது. தங்கள் பெயர் வந்த இதழை வெட்டி பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியவர்களும் உண்டு. ‘நியாயமணி’யில் பெயர் வராதவன் திருடன் என்று சொல்லும் அளவுக்குப் பத்திரிகைக்கு மரியாதை கூடிவிட்டது.

இன்னொரு அதிசயமும் நடந்தது. கொம்யூன் முழுக்கப் பாத்திரங்கள் இடம் மாறின. பொழுது சாயும் நேரத்தில் மொபெட்டில் சாக்கு போர்த்திய அண்டாக்கள் போயின. என்றோ எடுத்த குத்துவிளக்கு, எவர் வீட்டுச் சடங்கிலோ காணாமல்போன தேங்காய்த் துருவி, ஒரு முறை ஒரு முழுப் பாத்திர அடுக்கு, எல்லாம் பழைய சொந்தக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தன. எதற்கும் அனுப்பியவர் பெயர் இல்லை. அதுவும் பெயர் வெளியிடாத கொள்கைதான்.

“கோர்ட்டு செய்யாதத நம்ம பேப்பர் செஞ்சிட்ச்சி” என்று வேலம்மாள் சொன்னாள். “என் இட்லிக் குண்டான்கூட வந்துட்ச்சி. தொலைஞ்சது எனக்கே மறந்துபோச்சி.”

கண்ணையன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். வேலம்மாள் விடவில்லை.

“ஆனா மொதலாளி, ஊர்ல எல்லா வூடும் வந்துட்ச்சி. ஒரே ஒரு வூடுதான் வரல.”

“எந்த வூடு?”

வேலம்மாள் இட்லித் துணியைப் பிழிந்து உதறினாள். கண்ணையனுக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கப் பட்டியலில் இல்லாத ஒரே வீடு அவருடைய வீடு.

அவர் பலகையைப் பார்த்தார். ஆசிரியர் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதிக்கொள்ளக் கூடாது. மஞ்சள் எழுத்து, பச்சைப் பின்னணி. பெயின்டர் நன்றாகவே எழுதியிருந்தான்.

மறுநாள் கிருமாம்பாக்கத்திலிருந்து வீரப்பன் பேசினார். பேச்சை மழையில் தொடங்கினார். மழையிலிருந்து கரும்புக்கு வந்தார். கரும்பிலிருந்து நேராக அண்டாவுக்கு வந்தார்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்க பேப்பர எல்லாம் ஒண்ணா வச்சிப் பாத்தாங்க. பாகூர்ல எல்லா வூட்டுப் பேரும் வந்திருக்குது. உங்க பேரு மட்டும் தேடறாங்க.”

“அது என் பத்திரிகை. என் பேர நானே போட்டுக்க முடியாது. தர்மம் இல்ல.”

“தர்மம் சரி. தட்டு மாத்தணுமே. எங்க பங்காளிங்க கேட்டா நான் இன்னா சொல்றது? பலகையில எழுதியிருக்குதுன்னா?”

“என் குடும்பத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சம்பந்தி. அதான் தட்ட நிறுத்தல, கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன்.”

கோர்ட்டில் சொல்வது போலவே சொன்னார். கண்ணையனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

போனை வைத்ததும் அன்புராஜைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

“யாரு அந்தக் குடும்பம்? சொல்லு.”

“ஐயா, ரெண்டாவது கொள்கை.”

“அத எழுதனது நான்.”

“அதான் ஐயா. நீங்க எழுதினத நானே மீறினா நல்லா இருக்குமா?”

“என் பொண்ணு வாழ்க்கை, அன்புராஜ்.”

அன்புராஜின் முகம் முதல் தடவையாக மாறியது. வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். அதன் அடியில் மாட்டியிருந்த கண்ணையனின் அப்பா படத்தையும் பார்த்தார்.

“உங்க குடும்பம் இல்லீங்க ஐயா. அது மட்டும் சத்தியம்.”

“அது எனக்கே தெரியும். ஊருக்குத் தெரியணும்.”

அன்புராஜ் அவசரமாக ஒரு பாலிசி விஷயம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கண்ணையன் முடிவுக்கு வந்தார். பெயரை வெளியிடத்தான் கூடாது. கோர்ட்டுக்கு நேரில் போய் ஒரு சாட்சியோடு தெரிந்துகொள்வதை எந்தக் கொள்கையும் தடுக்கவில்லை. வீரப்பனையே கூப்பிட்டார். “நீங்களே உங்க காதால கேட்டுக்குங்க. நான் காத மூடிக்கறேன்.” வீரப்பனுக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கார் எடுத்துக்கொண்டு வந்தார்.

புதுச்சேரி போகும்வரை கடலூர் ரோடு முழுக்கக் கண்ணையன் தன் தாத்தா மேர் பதவிக்கு நின்ற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வீரப்பன் இரண்டு தடவை தோற்றாரா ஜெயித்தாரா என்று கேட்டார். இரண்டு தடவையும் எதிரே பஸ் வந்துவிட்டது.

கோர்ட்டில் கண்ணையனுக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். கூடப் படித்தவரின் தம்பி. நிறையக் கட்டுகளுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணையன் விஷயத்தைச் சொன்னார்: அண்டா, திருமணம், காரசாரமான வாதம், தள்ளிவைப்பு. சொல்லிவிட்டுக் காதை மூடத் தயாராகக் கைகளைத் தூக்கினார்.

குமாஸ்தா டீயைக் கீழே வைத்தார்.

“எந்த வாரம்ணே?”

கண்ணையன் சொன்னார்.

“அந்த வாரம் முழுக்க வக்கீலுங்க கோர்ட்டு பகிஷ்கரிப்பு. ஒரு வக்கீலும் உள்ள வரல. எங்கண்ணே காரசாரமா வாதம் நடக்கறது? எல்லா கேசையும் தேதி மாத்தி எழுதினதோட சரி. கை வலி இன்னும் போவல.”

“அண்டா கேசு?”

“அண்டா, குண்டா எதுவும் இல்ல. இருந்தா இங்க நாங்க சிரிச்சிட்டு இருந்திருப்போமே.”

வீரப்பன் கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் காதை மூடவே இல்லை. தூக்கிய கைகள் அப்படியே நின்றிருந்தன.

வெளியே வந்து, வேப்ப மர நிழலில் நின்று, அன்புராஜுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார், வீரப்பனும் கேட்கட்டும் என்று.

“அன்புராஜ், நான் கோர்ட்டுல நிக்கறேன்.”

மறுமுனையில் ஏதோ பாலிசிக் காகிதம் மடங்கும் சத்தம் கேட்டது.

“ஐயா, அந்த வாரம் உங்களுக்குப் போன் பண்ணி, கோர்ட்டுல ஒண்ணுமில்ல ஐயான்னு சொன்னேன். ‘நியாயமணி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கோர்ட்டுப் பக்கம் காலியா வந்ததில்ல, ஒண்ணுமில்லாத கோர்ட்டு ஒலகத்துல உண்டா, போய்ப் பாரு’ன்னு சொல்லி வச்சிட்டீங்க.”

“அதுக்கு?”

“போய்ப் பாத்தேன். அப்பவும் ஒண்ணுமில்ல. பேரும் போட வேணாம், உங்ககிட்டயும் சொல்ல வேணாம்னு பலகையில இருந்திச்சி. அதான் யாருக்கும் பாதகமில்லாம ஒண்ணு எழுதிட்டேன்.”

“பாதகமில்லாமலா?”

“எடுக்காதவங்க குடும்பம் எல்லாம் இல்லன்னுதான ஐயா சொன்னேன். அதுல ஒண்ணுகூடப் பொய் இல்லியே.”

கண்ணையன் போனை அணைத்தார். குற்றமே இல்லாத ஒரு குற்றத்திலிருந்து ஊரையே விடுவித்திருந்தார்.

காரில் திரும்பும்போது அரியாங்குப்பம் தாண்டியதும் வீரப்பன்தான் ஆரம்பித்தார்.

“இப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சி. ஆனா பங்காளிங்களுக்கு நான் வாயால சொன்னா நம்புவாங்களா? பேப்பர்ல வந்தத பேப்பர்லதான் அழிக்கணும்.”

“கேசே இல்லன்னு போட்டா, என் பத்திரிகை போச்சி.”

“போடலன்னா?”

போடாவிட்டால் என்ன போகும் என்று இருவருக்கும் தெரியும். தவளக்குப்பம் வரை கண்ணையன் யோசித்தார். அப்பாவின் பத்திரிகை ஒரு பக்கம். அப்பாவின் பெயர் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை காலம் மேடையில் பேசியிருந்தார். பிரித்துப் பார்க்க நேர்ந்தபோது அவருக்குத் தடுமாற்றம் அதிகமில்லை. பத்திரிகையின் மானம் போனால் ஒரு வாரம் பேசுவார்கள். குடும்பத்தின் மானம் போனால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

அன்று மாலையே எழுதினார். முதல் பக்கம், பெரிய எழுத்து. அதற்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி, பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

‘வாசகர்களிடம் மன்னிப்புக் கோருகிறோம். நாம் வெளியிட்ட அண்டா வழக்கு என்பது எந்த நீதிமன்றத்திலும் எக்காலத்திலும் இல்லாத வழக்கு. இதை எழுதிய செய்தியாளர் நீக்கப்பட்டார். இதை எழுதத் தூண்டியது காலிப் பக்கத்துக்கு அஞ்சிய ஆசிரியரின் அகம்பாவம். பத்திரிகையின் மானத்தை விட்டுக்கொடுத்தேனும் ஓர் உண்மையைப் பதிவு செய்கிறோம். ஆசிரியர் கண்ணையன் குடும்பத்தார் இன்றுவரை எவர் வீட்டு விசேஷத்திலும் ஒரு கரண்டியைக்கூடக் கைவைத்து எடுத்தவர்கள் அல்லர்.’

கடைசி வாக்கியத்தை எழுதியபோது அவருக்குக் கண் கலங்கியது. முதல் தடவையாகக் கொள்கை எதுவும் இல்லாமல் ஓர் உண்மையை எழுதியிருந்தார்.

இதழ் வந்த காலையில் கட்டுகள் பஸ் ஏறிக் கிருமாம்பாக்கம் வரை போய்விட்டன. இருசப்பன் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். இல்லாத வழக்கிலிருந்து விடுபட்டதற்குச் சந்தோஷப்படுவதா, பிரேம் போட்ட பணத்துக்கு வருத்தப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னாசிமுத்து மட்டும் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, “இத எழுத ஒரு தைரியம் வேணுங்க” என்றார். கண்ணையனுக்கு அந்த நாற்காலி இப்போது உறுத்தவில்லை.

பிறகு வீரப்பன் பேசினார்.

“படிச்சிட்டேன் சம்பந்தி. எங்க பங்காளிங்க எல்லாரும் படிச்சிட்டாங்க. பத்திரிகைய வுட்டாலும் குடும்பத்த வுடல, இதான்யா குடும்பம்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம். கடைசி வரி இருக்குதே, கரண்டியக்கூடன்னு, அத எங்க பெரியப்பா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாரு.”

கண்ணையன் வீட்டுக்கு நடந்தார். சில நாட்களாக வளையப் பார்த்த முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அது மரியாதையா, இனி இவர் பத்திரிகையை யார் நம்புவார் என்ற இரக்கமா என்று அவர் ஆராயவில்லை. குடும்பப் பெயர் ஊர் முன்னால் கழுவித் துடைத்து வைத்தாற்போல இருந்தது. அது போதும்.

கூடத்தில் விஜயகுமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘நியாயமணி’யை விரித்து வைத்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தப் பத்திரிகையை இத்தனை கவனமாகப் படித்து அவர் பார்த்ததில்லை. கடைசி வரிக்கு வரும்வரை பெருமையோடு காத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறாங்க” என்றார். “எப்பிடி எழுதியிருக்கேன்?”

விஜயகுமாரி கண்ணாடியைக் கழற்றினாள்.

“கேசே இல்லன்னு ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா, எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துல வச்சிட்டு எடுத்தாந்த அண்டாவ, அண்ணி கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்க மாட்டேனே.”